தாத்தாவின் குறிப்பேட்டில் தலைப்பில்லாத கட்டம்

பெகுப்பேத்தி (ரங்கூன்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். உலகப் போர்க்காலத்தில் பர்மாவில் இருந்த படை மருத்துவமனைகளில் வேலை செய்த நம்மவர்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இங்கே இருக்கக்கூடும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். சற்று நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அப்பாவைப் பெற்ற தாத்தா, பெகுவில் ஓர் அரிசி ஆலையை ஒட்டி இருந்த மருந்தகத்தில் கம்பவுண்டருக்குக் கையாளாக இருந்தவர். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் பதிகம் பாடுகிற பையன் என்பதுதான் அப்போது ஊரில் அவருக்கு இருந்த அடையாளம் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1943இல் அவர் நேதாஜி படையில் சேர்ந்தார். புண் கட்டத் தெரிந்தவர் என்பதால் துப்பாக்கி கொடுக்காமல், டிரஸ்ஸராக்கி மேமியோவில் இருந்த படை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். 1944 மழைக்காலத்தில், இம்பால் போர்முனையிலிருந்து பின்வாங்கியவர்கள் சீதபேதியும் குளிர்சுரமும் கால்புண்ணுமாக வந்து குவிந்த மாதங்களில், அவர் அந்த வார்டில்தான் இருந்தார்.

போர் முடிந்து பெகுவுக்குத் திரும்பிய மனிதர் பதிகம் பாடவில்லை, திருநீறும் பூசவில்லை. பாட்டி கோயிலுக்குள் போய்விட்டு வரும்வரை வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவர்போல் நிற்பாராம். அர்ச்சகர் தட்டோடு வெளியே வந்தால்கூட, "அவளுக்குக் கொடுத்தாகிவிட்டது அல்லவா, போதும்" என்பாராம். 1964ஐ ஒட்டி உறவுக்காரர்கள் கப்பலேறியபோதும் அவர் நகரவில்லை. 1987இல் இறந்தார். இறப்பதற்குச் சில நாள் முன்பு, தனக்கு எதுவும் ஓத வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். ஊர் என்ன பேசுமோ என்று அப்பா எல்லாவற்றையும் முறைப்படி செய்துவிட்டார். அந்த உறுத்தல் அவருக்கு இன்னும் போகவில்லை.

இத்தனைக்கும் வீட்டுப் பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால், தாத்தாவின் தகர டப்பா ஒன்று எப்போதும் இருந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. உள்ளே இறுகிப்போன வெள்ளைப் பொடி. படையிலிருந்து கொண்டுவந்த திருநீறு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். யாரையும் அவர் அதைத் தொடவிட்டதில்லை. சிறுபிள்ளையாக இருந்த அத்தை ஒரு முறை மூடியைத் திறந்தபோது, வாழ்நாளில் ஒரே தடவையாக, கை ஓங்கியிருக்கிறார்.

போன மாதம் வீடு மாற்றும்போது அரிசி ஆலைக் கணக்குப் பேரேடு ஒன்று கிடைத்தது. அதன் பின்பக்கங்களில் காப்பியிங் பென்சிலால் எழுதிய 63 வரிகள் இருக்கின்றன. ஈரம் பட்ட இடமெல்லாம் ஊதாவாகப் பரவியிருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் நான்கு கட்டங்கள்: எண், பெயர், நோய், பிறகு தலைப்பே எழுதாத ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது. சீதபேதிக்கு நேரே "பதிகம்" என்று எழுதியிருக்கிறார். குளிர்சுரம் என்ற பல வரிகளுக்கு நேரே "மணி". கால்புண் என்ற ஒரு வரியில் "கலிமா, மேற்கு". வேறு சில இடங்களில் "ஜெபம்", "வாஹேகுரு", "தண்ணீர்". கடைசிப் பக்கம் நெருங்க நெருங்க "ஒன்றுமில்லை", "ஒன்றுமில்லை" என்றே வருகிறது.

இறந்தவர்களின் பட்டியல் என்பது புரிகிறது. "மணி" என்றால் என்ன? "தண்ணீர்" எதற்கு? ஓர் இந்து டிரஸ்ஸர் கலிமாவை ஏன் எழுத வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலாக, இதை எழுதியவர் கடவுளை நம்பினாரா, விட்டுவிட்டாரா? ஆடி அமாவாசைக்குத் தாத்தா பெயரில் மோட்ச தீபம் ஏற்ற வேண்டும் என்கிறார் அத்தை. இரண்டாவது முறையும் அவர் வாக்கை மீற மாட்டேன் என்கிறார் அப்பா. இருவரும் என்னைப் பஞ்சாயத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

மாந்தளை மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

பேத்தி அவர்களுக்கு, "மணி"யைப் பற்றி மட்டும் என்னால் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்ல முடியும். அது எதிரே வருகிற நோய் எல்லா வரிகளிலும் குளிர்சுரம்தானா என்று ஒரு முறை சரிபாருங்கள். அப்படியானால் அது கொயினாவின், அதாவது மலேரியாக் குளிர்சுரத்துக்குக் கொடுக்கும் குயினைன் மருந்தின் வேலை. கொயினாவைத் தாராளமாகக் கொடுக்கும்போது முதலில் தெரிகிற குறிகளில் ஒன்று காது இரைச்சல். சிலருக்கு வண்டு ரீங்காரம் போலவும், சிலருக்கு எங்கோ தொலைவில் மணி அடிப்பது போலவும் கேட்கும். மருந்து உடம்பில் ஏறிவிட்டது என்பதற்கு அதையே அடையாளமாக வைத்துக்கொண்ட பழைய கம்பவுண்டர்களை நான் பார்த்திருக்கிறேன். சுரம் மூளைக்கு ஏறி நினைவு தடுமாறுகிறவனுக்கு அந்த ஒலி வெறும் இரைச்சலாக நின்றுவிடாது. ஊர்க் கோயிலில் சாயரட்சைக்கு மணி அடிக்கிறது, நடை திறந்துவிட்டார்கள், என்னைத் தூக்கி உட்கார வையுங்கள் என்பான்.

இங்கே ஒரு கிளைச்செய்தியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பட்டியலின் போக்கு அதில்தான் விளங்கும். போருக்கு முன்பு கொயினா எடுக்க உலகத்துக்கு வேண்டிய சிங்கோனாப் பட்டையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனது. அதனால் ஆங்கிலேயர் தரப்பு மெப்பாகிரின் என்ற மஞ்சள் மாத்திரைக்கு மாறிற்று. அதை நாள்தோறும் விழுங்கிய சிப்பாய்களின் தோலே மஞ்சளாயிற்று. ஜப்பானியரும் அவர்களோடு நின்ற நேதாஜி படையும் இருந்த பக்கத்தில் பட்டைக்குக் குறைவில்லை என்றுதான் கணக்குப்படி சொல்ல வேண்டும். ஆனால் பாலம் உடைந்து, ரயில் பாதை குண்டுபட்டு, மழையில் சாலை கரைந்த பிறகு, ஜாவாவில் மலைபோல் இருந்தால் என்ன, பர்மாவின் சிண்ட்வின் ஆற்றங்கரையில் கிடப்பவன் வாய்க்கு வந்து சேராத மருந்து மருந்தே இல்லை. ஆகவே, உங்கள் தாத்தா கடைசிப் பக்கங்களில் எழுதிய "ஒன்றுமில்லை" என்பதைப் பிரார்த்தனையின் கணக்காகப் படிப்பதற்கு முன்னால், மருந்தின் கணக்காகவும் படித்துப் பாருங்கள். டிரஸ்ஸரின் பேரேட்டில் அந்தச் சொல்லுக்கு முதலில் வருகிற பொருள் அதுதான்.

சீதபேதிக்கு நேரே "பதிகம்" என்று இருப்பதும் எனக்கு வியப்பாக இல்லை. வயிற்று வலிக்கு அப்பரின் சூலைநோய்ப் பதிகம் பாடுவது சைவக் குடும்பங்களில் இன்றும் உள்ள வழக்கம். பாடத் தெரிந்த பையன் வார்டில் இருக்கிறான் என்று தெரிந்தால் நோயாளிகள் கேட்காமல் இருப்பார்களா? சூலை தீர்ந்தவர் பாடிய பாட்டைச் சூலை தீராமல் சாகிறவர்களுக்கு ஒருவர் எத்தனை முறை பாட முடியும் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். அவர் பாட்டை விட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை.

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். அதை மறைத்ததும் இல்லை. எழுபதுகளில் எல்லைப்புற மருத்துவமனை ஒன்றில் இருந்தபோது, சுரம் முற்றிய ஒரு பர்மியச் சிப்பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, மடத்தில் சேகண்டி அடிப்பது உங்களுக்குக் கேட்கிறதா என்று கேட்டான். கொயினா சொட்டுச் சொட்டாக ஏற்றியவனே நான்தான். கேட்கிறது என்று சொன்னேன். அது பொய். அன்றைக்கும் எனக்கு அது பொய் என்று தெரியும், இன்றைக்கும் அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு மனமில்லை. ஆனால் "மணி" என்ற அந்த ஒற்றைச் சொல்லைப் படித்ததும், உங்கள் தாத்தாவும் கேட்கிறது என்று சொல்லியிருப்பார் என்றுதான் எனக்குப் பட்டது.

ஒன்று கேட்க வேண்டும். டப்பாவில் இருப்பது திருநீறுதான் என்று எப்படித் தெரியும்? சாணச் சாம்பல் சாம்பல் நிறம் ஏறியதாகவும் நெருடலாகவும் இருக்கும். தூய வெள்ளையாக இருந்தால் துத்தநாகப் பொடியாகவோ போரிக் பொடியாகவோ வேறு மருந்தாகவோ இருக்கலாம். யாரும் வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

கமாயுட் அடியார் எழுதியது:

அம்மா, உங்கள் தாத்தா பழுத்த சிவபக்தர் என்பதில் சந்தேகமே வேண்டாம். நோயாளி சேவைதான் அவர் செய்த பூஜை. வாய் வேண்டாம் என்று சொன்னாலும் உள்ளம் வேண்டியிருக்கும். மோட்ச தீபத்தைத் தாராளமாக ஏற்றுங்கள். 63 வரி என்பதே அறுபத்து மூவரின் திருவிளையாடல் அல்லவா! இதற்குப் போய் மருத்துவர் ஐயா பட்டை, மாத்திரை என்று இவ்வளவு எழுத வேண்டுமா?

பெகுப்பேத்தி எழுதியது:

அடியார் ஐயா மன்னிக்க வேண்டும். 63 என்ற எண்ணை நானும் முதலில் அப்படித்தான் பார்த்து மெய்சிலிர்த்தேன். பிறகு பார்த்தால், கடைசித் தாளில் பாதி கிழிந்திருக்கிறது. எத்தனை வரி போயிற்று என்பது யாருக்கும் தெரியாது.

மருத்துவர் ஐயா, சரிபார்த்தேன். "மணி" என்று உள்ள 14 வரிகளிலும் குளிர்சுரம்தான். ஒன்றுகூடத் தவறவில்லை.

மொகல் தெருக்காரர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். "கலிமா, மேற்கு" என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. எங்கள் மார்க்கத்தில் மவுத் (மரணம்) நெருங்குகிறவரை வலப்பக்கமாகச் சாய்த்து, முகத்தை மக்கா இருக்கும் திசையான கிப்லாவை நோக்கித் திருப்பி, பக்கத்தில் இருப்பவர் கலிமாவை மெதுவாகச் சொல்லி நினைவூட்டுவார். பர்மாவிலிருந்து மக்கா மேற்குத் திசை. ஆக உங்கள் தாத்தா அந்த மனிதரின் கட்டிலையோ உடம்பையோ மேற்குப் பார்க்கத் திருப்பியிருக்கிறார். அதை எழுதியும் வைத்திருக்கிறார். கலிமாவை அவரே சொன்னாரா, அடுத்த கட்டிலில் இருந்த முஸ்லிம் யாராவது சொன்னாரா என்பதை அந்த ஒரு சொல்லிலிருந்து சொல்ல முடியாது. திருப்பியது அவர் கைதான் என்று நம்புகிறேன், ஏனென்றால் திசையை எழுதி வைக்கத் தோன்றுவது திருப்பியவனுக்குத்தான்.

ஓர் இந்து ஏன் இதைச் செய்தார் என்பதற்கு அந்தப் படையின் நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேயர் படையில் இந்துவுக்கு ஒரு சமையல், முஸ்லிமுக்கு ஒரு சமையல், சீக்கியருக்கு ஒரு சமையல் என்று இருந்ததை நேதாஜி படையில் ஒரே அடுப்பாக்கினார்கள். வணக்கம் சொல்வதற்குக்கூட மதச் சாயல் இல்லாத "ஜெய் ஹிந்த்". 1943இல் சிங்கப்பூர் செட்டியார் கோயிலுக்கு நேதாஜியை அழைத்தபோது, எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் தன்னோடு வரலாம் என்றால்தான் வருவேன் என்று சொல்லி, முஸ்லிம் அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டுதான் உள்ளே போனார். நெற்றியில் இட்ட திலகத்தை வெளியே வந்ததும் அவர் துடைத்துவிட்டார், நாங்களும் துடைத்துக்கொண்டோம் என்று உடன் போன ஆபித் ஹசன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நேதாஜி நம்பிக்கையுள்ள மனிதர். அதைத் தன் அறைக்குள் வைத்துக்கொண்டார். உங்கள் தாத்தா கோயில் வாசலில் நின்றதைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. படைக்குப் போகும்போது இருந்த சிவபக்தி வேறு, அங்கே போட்டுக்கொண்ட பழக்கம் வேறு. திரும்பி வந்தபோது எது எது என்று அவருக்கே பிரிக்க முடியாமல் போயிருக்கலாம்.

அந்தப் படையில் மருத்துவர்களுக்கு இருந்த இடமும் சிறியதன்று. 1945 ஏப்ரல் இறுதியில் நேதாஜி ரங்கூனை விட்டுப் போகும்போது, பின்தங்கிய ஆயிரக்கணக்கான வீரர்களையும் இங்கே இருந்த இந்தியர்களின் உயிர் உடைமையையும் ஒப்படைத்துவிட்டுப் போனது மேஜர் ஜெனரல் ஏ.டி. லோகநாதனிடம், அவர் தமிழர், ராணுவ மருத்துவர். மேமியோ மருத்துவமனையில் வேலை பார்த்த கேப்டன் லட்சுமியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் வாங்கிய அவர், 2012இல் கான்பூரில் இறந்தபோது, எரிக்கவும் புதைக்கவும் இடம் வைக்காமல் உடலை மருத்துவக் கல்லூரிக்கே எழுதிக் கொடுத்திருந்தார். எதுவும் ஓத வேண்டாம் என்று சொன்னவர்கள் அந்த வார்டுகளிலிருந்து வேறு எத்தனை பேர் வந்தார்களோ!

என் பெரிய வாப்பாவும் அந்தப் படையில் இருந்தவர்தான், மருத்துவமனையில் அல்ல, சமையற்கட்டில். அவர் நேர் எதிர். போருக்கு முன்பு ஜும்ஆவுக்குக்கூடச் சாக்குச் சொல்கிற வாலிபர், திரும்பி வந்த பிறகு ஐந்து வேளையும் தவறவில்லை. ஏன் என்று கேட்டால், "அங்கே தொழ வேண்டிய தொழுகையெல்லாம் பாக்கி இருக்கிறது" என்று மட்டும் சொல்வார். ஒரே அடுப்பில் சாப்பிட்ட இரண்டு பேர். ஒருவர் வாசலோடு நின்றார், ஒருவர் பள்ளிவாசலை விட்டு வெளியே வரவில்லை.

திருச்சி பர்மா காலனி எழுதியது:

பேரேட்டின் படம் இருந்தால் பெயர்களை மட்டும் மறைத்துவிட்டுப் போடுங்கள். காப்பியிங் பென்சில் எழுத்து வெயில் பட்டால் போய்விடும். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடாதீர்கள்.

தௌங்ஜி தாதி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து நாற்பது ஆண்டு தாதியாக இருந்தவள். "தண்ணீர்" என்ற சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்து நினைத்து நிறுத்திக்கொண்டிருந்தேன்.

முதலில் எனக்குத் தோன்றியது அவசர ஞானஸ்நானம். சாகும் ஆபத்தில் இருப்பவர் விரும்பிக் கேட்டால், பக்கத்தில் சாமியார் இல்லாதபோது, யார் வேண்டுமானாலும், ஞானஸ்நானம் பெறாதவர்கூட, திருச்சபை செய்ய நினைப்பதைச் செய்யும் கருத்தோடு பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லித் தலையில் தண்ணீர் ஊற்றினால் அது செல்லும். கொடுப்பவருக்கு நம்பிக்கை இருக்க வேண்டும் என்றுகூட எங்கள் சட்டம் கேட்பதில்லை, கருத்துத்தான் வேண்டும். பயிற்சிப் பள்ளியில் இதைக் கேட்டபோது எனக்கு விந்தையாக இருந்தது. அடுத்து, பர்மியர் தானம் செய்து முடித்ததும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் புண்ணியத்தை எல்லா உயிர்களுக்கும் பகிர்ந்துகொடுப்பார்கள் அல்லவா, அதுவாக இருக்கலாம் என்று நினைத்தேன். இந்துவாக இருந்தால் கடைசி நேரத்தில் வாயில் விடுகிற தீர்த்தம். ஒரே சொல்லுக்குள் எத்தனை மதம் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

ஆனாலும் சொந்த அனுபவம் வேறு ஒன்றைச் சொல்கிறது. எந்த ஆண்டு, எந்த ஊர் என்று எழுத மாட்டேன். இந்த நாட்டில் இருப்பவர்களுக்குக் காரணம் தெரியும். காயம்பட்டு வந்தவர்களிடம் எந்தப் பக்கம் என்று நாங்கள் கேட்கவில்லை. வயிற்றில் குண்டு பாய்ந்த ஒரு பையன் வந்தான், பதினெட்டு வயதுகூட இருக்காது. குடல் கிழிந்தவருக்கு வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்கக் கூடாது என்பது எங்களுக்குப் போட்ட கட்டளை, சரியான கட்டளையும்கூட. அவன் தண்ணீர், தண்ணீர் என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டில் மட்டும் ஒற்றினேன். அவன் பல்லால் பஞ்சைக் கவ்விக்கொண்டு உறிஞ்சினான். விடுவிப்பதற்கு அவன் தாடையை அமுக்க வேண்டியிருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனார். ஒன்றும் சொல்லாமல் போனதற்கு எனக்கு அர்த்தம் தெரியும். அப்புறம் கரண்டியால் கொடுத்தேன்.

அந்த நேரத்தில் ஜெபமாலை சொல்ல வேண்டும் என்று முயன்றேன். "அருள் நிறைந்த மரியே" என்பதற்கு மேல் வரவில்லை. கண் எதிரே டிரிப் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டையும் எண்ணத் தொடங்கினேன். ஐம்பத்து மூன்று வந்ததும், மணிகளை உருட்டி முடித்த பழக்கத்தில், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். அது ஜெபமா, வேலையா என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கேட்டேன். அவர் ஏதோ ஆறுதல் சொன்னார். எனக்கு அது ஒட்டவில்லை. அன்றிலிருந்து பூசைக்குப் போகிறேன், நற்கருணை வாங்குகிறேன், ஆனால் நோயாளிக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று யாராவது கேட்டால் வேறு யாரிடமாவது கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

நான் பயிற்சி பெற்ற காலத்தில் வயதான கரேன் தாதி ஒருவர் எங்களுக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொடுத்தார். 1942 மே மாதத்தில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சீக்ரேவோடும் ஜெனரல் ஸ்டில்வெல்லின் கூட்டத்தோடும் காட்டு வழியே இம்பாலுக்கு நடந்துபோன, சீக்ரேவின் நம்காம் மருத்துவமனைத் தாதிகளில் சிலரை அவருக்குத் தெரியும். வழியெல்லாம் கீர்த்தனை பாடிக்கொண்டே நடந்தார்கள் என்று எல்லோரும் அந்தப் பெண்களைப் புகழ்வார்கள். இவர் மட்டும், "பாடாவிட்டால் அழுகிறோம் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும், அதனால் பாடினார்கள்" என்பார். அதைச் சொல்லிவிட்டு அதே கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு கட்டுத் துணியைச் சுருட்டுவார். நம்பினார்களா, இல்லையா என்று அவரிடம் கேட்கத் தோன்றவே இல்லை. உங்கள் தாத்தாவின் கடைசிக் கட்டத்தையும் நான் அப்படித்தான் படிக்கிறேன். தண்ணீர் என்றால் தண்ணீர்தான், தங்கையே. அவன் கேட்டான், இவர் கொடுத்தார்.

கமாயுட் அடியார் எழுதியது:

தௌங்ஜி அம்மா எழுதியதைப் படித்த பிறகு என் முந்தைய பதிலை நீக்கிவிடலாமா என்று நினைத்தேன். நீக்கவில்லை, இருக்கட்டும். ஆனாலும் ஓதுவதை வேண்டாம் என்று சொன்னவருக்கு ஓதுவதால் அவருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்ற என் கேள்வி அப்படியே இருக்கிறது.

மாந்தளை மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

அவருக்கு ஒன்றும் குறையாது, அடியாரே. அவர் மகனுக்குக் குறைகிறது. 1987இலிருந்து குறைந்துகொண்டிருக்கிறது.

பெகுப்பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தௌங்ஜி அக்கா எழுதியதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் முற்றத்தில் நின்றுவிட்டு வந்தார்.

"தண்ணீர்" என்று இருக்கிற வரிகள் ஏழு. நான்கு பெயர்கள் இந்துக்களுடையவை, இரண்டு முஸ்லிம் பெயர்கள், ஒன்று கிறிஸ்தவப் பெயர். ஞானஸ்நானமாகவோ தீர்த்தமாகவோ இருந்தால் இப்படிக் கலந்து வராது என்று நினைக்கிறேன். அக்கா சொன்னதுதான் சரியாக இருக்கும். இன்னொன்றையும் இப்போதுதான் கவனித்தேன். "ஒன்றுமில்லை" 19 வரிகளில் இருக்கிறது. பென்சில் தேய்ந்து, எழுத்து கோணி, பெயர்கூட முழுதாக எழுத முடியாத வரிகளில்கூட அந்தச் சொல்லை முழுமையாக எழுதியிருக்கிறார். ஒரு வரியிலாவது அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறாரா என்று தேடினேன். விடவில்லை.

மொகல் தெரு அண்ணா சொன்ன அந்தக் "கலிமா, மேற்கு" வரிக்கு அடுத்த வரியில், வேறொருவருக்கு, "கலிமா" என்று மட்டும் எழுதி, பிறகு சொருகல் குறி போட்டு மேலே "மேற்கு" என்று சேர்த்திருக்கிறார். மறந்துவிட்டுப் பிறகு திருப்பினாரோ என்னவோ.

டப்பா விஷயத்தில் மருத்துவர் ஐயாவின் எச்சரிக்கை கொஞ்சம் தாமதமாகிவிட்டது. நான் பதிலைப் படித்துக்கொண்டிருந்தபோதே அத்தை டப்பாவைத் திறந்து, கத்தி முனையால் பொடியைக் கிளறி, கோயிலில் திருநீறு வாங்கினால் செய்வதுபோல் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துவிட்டார். அவர் முகம் சுளித்ததைப் பார்த்து நாங்கள் பதறிப்போனோம். கசக்கிறது என்றார். வேப்பங்கொழுந்துக் கசப்பு இல்லை, சின்ன வயதில் சுரத்துக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தக் கசப்பு என்றார். வாயைக் கொப்பளிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்தோம். காதில் ஏதாவது கேட்கிறதா என்று நான் கேட்டதற்கு, உன் குரல்தான் கேட்கிறது என்றார்.

கொயினாவை ஏன் நாற்பது ஆண்டு ஒளித்து வைத்திருந்தார் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். யாருக்கோ கொடுக்க வைத்திருந்து, கொடுப்பதற்குள் அந்த ஆள் போய்விட்டாரா, அல்லது தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாரா? பின்னது என்றால் "ஒன்றுமில்லை" என்ற 19 வரிகளையும் வேறு மாதிரிப் படிக்க வேண்டியிருக்கும். அதைச் சொல்லக் கூடாது என்றுதான் நானும் அப்பாவும் நினைத்தோம், அத்தைதான் முதலில் வாய்விட்டுச் சொன்னார்.

மோட்ச தீபம் பற்றி யாரும் இப்போதைக்குப் பேசவில்லை. டப்பாவை மறுபடி முருகன் படத்துக்குப் பின்னாலேயே வைத்துவிட்டோம். வைப்பதற்கு முன்னால் அத்தை இன்னொரு சிட்டிகை எடுத்தார். இந்த முறை வாயில் வைக்கவில்லை, நெற்றியில் இட்டுக்கொண்டார். அத்தை, அது திருநீறு இல்லை என்றேன். தெரியும் என்றார்.